நாலு கிலோவுக்கு ஒரு விமானம்

ஒரு விமானத்தைக் கெடுக்க எதிரி நாடு வேண்டியதில்லை. நல்ல மனசுள்ள நாலு பேர் பக்கத்தில் இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "இதையும் சேர்த்து வச்சுட்டா என்ன?" என்பார்கள். அப்படி யாராவது வாயைத் திறந்தாலே இப்போதெல்லாம் எனக்கு உச்சி வரைக்கும் சூடு ஏறிவிடுகிறது.

என் பெயர் பெனிட்டா. சொந்த ஊர் ராயப்பன்பட்டி. விமானப் பொறியியல் படித்துவிட்டுப் பெங்களூரில் சில வருஷம் குப்பை கொட்டினேன். அல்லிநகரத்தில் ஒருவர் ஆளில்லா விமானம் செய்யும் கம்பெனி தொடங்கியிருக்கிறார், வடிவமைக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊர்ப்பாசம் என்று யாரும் உருக வேண்டாம். பெங்களூரில் என்னிடம் கொடுத்த வேலை ஒரு கதவின் கைப்பிடி. அதையே இரண்டு வருஷம் வரைந்துகொண்டிருந்தேன். இங்கே முழு விமானத்தையும் என் கையில் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அந்த ஒருவர் பாண்டீஸ்வரன். கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளை வைத்துப் பெரிய ஆளானவர். அந்த ஜீப்புகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பெண்கள் இருப்பார்கள். சாப்பாட்டுத் தூக்குகள் மடியில் இருக்கும். பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். "எடம் இருக்கு, ஏறு" என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். பாண்டீஸ்வரன் அண்ணனுக்கு அதற்கு மேல் இரண்டாவது பாடம் இல்லை. மனுஷன் நல்லவர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம்.

ராணுவம் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். பனியில் பாதை அடைபட்டு, மேகத்தில் ஹெலிகாப்டரும் வர முடியாத நாட்களில், உயரமான மலைக் காவல் முகாம்களுக்கு நாலு கிலோ மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சின்ன விமானம். ஓட்ட ஆள் கிடையாது. போக வேண்டும், இறக்க வேண்டும், திரும்ப வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ராணுவ மருத்துவர்களே முடிவு செய்து, அடைத்து, பெட்டியையும் அனுப்பிவிட்டார்கள். ஒரு சர்க்கார் இத்தனை தெளிவாக ஒரு பொருளைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

என் தம்பி இமானுவேல் அப்படிப்பட்ட ஒரு முகாமில்தான் இருக்கிறான். போன குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பையனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அந்த உயரத்தில் வருகிற நோய் அது. மருந்து அடிவாரத்தில் இருந்தது. மேகம் விலகவில்லை. கடைசியில் ஹெலிகாப்டர் வந்தபோது அது பிணத்தைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. இமானுவேல் போனில் இதைச் சொன்னபோது அழவில்லை. "மருந்து கீழ இருக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. கண்ணுக்கு எட்டுற தூரந்தான். வரலைக்கா" என்றான். நான்தான் அழுதேன். ஆகவே அந்த விமானத்தை நான் வரைந்தது நாட்டுக்காக, கம்பெனிக்காக என்றெல்லாம் பீற்றிக்கொள்ளமாட்டேன். அடுத்த பனிக்காலத்தில் அவன் படுக்கை வரை அந்த நாலு கிலோ போய்ச் சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மலை உச்சியில் காற்று மெலிந்து கிடக்கும். மெலிந்த காற்றில் பறக்க நீளமான இறக்கை வேண்டும், ஒல்லியான உடம்பு வேண்டும். ஓடுபாதைக்கு இடம் இல்லாததால் நேராக மேலே எழும்பவும் இறங்கவும் நான்கு விசிறிகள் வேண்டும். இத்தனையையும் வைத்துவிட்டு, ஒரு திருகாணி அதிகமா என்று யோசித்து யோசித்து எடையைக் குறைத்திருந்தேன். முதல் உடல் தயாரானதும் பாண்டீஸ்வரன் அண்ணன் வந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னத்தா இது, இறக்கை இம்புட்டு நீளம்? மினி லாரியில ஏறாதே!"

"மேல காத்து கம்மிண்ணே. நீளம் வேணும்."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்." குனிந்து வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள எடம் கெடக்கே?"

"கெடக்கட்டும்ண்ணே. அது சும்மாதான் இருக்கணும்."

"எடம் சும்மா இருக்கணுமா!" என்று அவர் பக்கத்திலிருந்த சுருளியாண்டியைப் பார்த்தார். சுருளியாண்டி அவருடைய பழைய ஜீப் டிரைவர். இப்போது எங்கள் கம்பெனியின் விமானப் பிரிவு மேற்பார்வையாளர். அவரும் தலையை ஆட்டி, இந்தப் பிள்ளைக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்பதுபோல் சிரித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. முதலில் கேமரா வந்தது. "ராணுவம்னா வேவு பாக்காம இருப்பாகளா?" அப்புறம் பூச்சிமருந்து தெளிக்கும் குழாய். "அவுக வாங்கலைன்னா சுருளிப்பட்டித் திராட்சைக்காரன் வாங்குவான்ல?" அதற்குப் பிறகு மூவர்ண விளக்கு. அதற்கும் பிறகு, என் தலையெழுத்து, ஒலிபெருக்கி. "பனியில வழி தப்பிப் போனவனுக்கு மேல இருந்து தைரியம் சொல்லலாம் பாரு" என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. நல்ல மனசு என்று சொன்னேனே, அது இதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. அவரை உட்கார வைத்து வரலாறு சொன்னேன்.

"அண்ணே, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் ஒரு பெரிய விமானம் செஞ்சான். ரொம்ப தூரம் போயி குண்டு போடணும், அதுதான் அதோட வேலை. பேரு ஹைன்கெல். பாதியில மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு. இது சின்ன விமானம் மாதிரி தலைகுப்புறப் பாஞ்சும் குண்டு போடணும்னு. யானைகிட்டப் போயி மரத்துக்கு மரம் தாவுன்னு சொன்ன கதை. அதுக்கேத்த மாதிரி நாலு எஞ்சினையும் ரெண்டு ரெண்டா ஒட்டி வச்சான். எஞ்சின் சூடாகி நடுவானத்துல தீப்பிடிச்சிச்சு. எதிரி சுடவே வேணாம், தானா எரிஞ்சிச்சு."

பாண்டீஸ்வரன் அண்ணன் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவன் வயரிங் சரியில்லத்தா. நம்ம சுருளி வயரிங்கெல்லாம் சுத்தமாப் பண்ணுவான்."

ஆனாலும் விடாமல் இன்னொன்றையும் சொன்னேன். அமெரிக்காக்காரன் ஸ்டார்ஃபைட்டர் என்று ஒன்று செய்தான். தெளிந்த வானத்தில் அம்புபோல் உயரே ஏறி எதிரியை மறிப்பதற்காக வடிவமைத்தது. குட்டி இறக்கை. மேற்கு ஜெர்மனி அதை வாங்கி, குண்டுகளைத் தொங்கவிட்டு, மழையிலும் மூட்டத்திலும் தரையை ஒட்டிப் பறக்கச் சொன்னது. நூறு விமானிகளுக்கு மேல் செத்தார்கள். விதவைகளை உண்டாக்குகிற விமானம் என்று அதற்குப் பட்டப்பெயரே வந்தது. பழி முழுக்க விமானத்தின் மேல். வேலையை மாற்றிக் கொடுத்தவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்பான்.

"நம்ம ஊருக் கதை எதுவும் இல்லையா?" என்றார் அண்ணன்.

அதுவும் இருந்தது. பெங்களூரில் மாருத் என்று ஒரு போர் விமானம் செய்தார்கள். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் என்று பேச்சு. பார்க்க அத்தனை அழகு. அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. பிறகு அந்தப் பெரிய பேச்சையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, தாழப் பறந்து டாங்கியை அடி என்று பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. நாட் என்று இன்னொன்று, பொடிசு, ஏணியே தேவையில்லாத உயரம். சண்டை போடுவதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. அறுபத்தைந்து யுத்தத்தில் தன்னைவிடப் பெரிய விமானங்களை விரட்டி அடித்தது. இதைச் சொன்னதும் அண்ணன் தொடையில் தட்டி மகிழ்ந்தார்.

"பாத்தியா! பொடிசா இருந்தாலும் எம்புட்டு வேலை செய்யுது! நம்மளதும் செய்யும்!"

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

கேமராவும் ஒலிபெருக்கியும் வால் பக்கம் ஏறியதால் விமானம் பின்பாரம் ஆகிவிட்டது. பின்பாரமான விமானம் எழும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். இதையாவது கேட்பார்கள் என்று சொன்னேன். கேட்டார்கள். சுருளியாண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை அடைத்து மூக்குக்குள் திணித்துக் கட்டிவிட்டார்.

"மலையேத்தத்துல பின்னாடி பாரம் கூடுனா ஜீப்பு முன் வீலைத் தூக்கும்மா. ரெண்டு ஆளைப் பானட்டுல ஒக்கார வச்சா அடங்கிரும். இதுவும் அதேதான்."

சமநிலை சரியாகத்தான் வந்தது. அதுதான் கொடுமை. அரைகுறையாகச் செய்திருந்தால் அங்கேயே விழுந்து தொலைத்திருக்கும், எல்லோரும் பிழைத்திருப்போம். ஒரு பாரத்தைச் சரிக்கட்ட இன்னொரு பாரம் ஏற்றினால் மொத்தம் என்ன ஆகும் என்று ஜீப்பு கேட்காது. உறுமிக்கொண்டே ஏறும். சக்கரத்துக்குக் கீழே மலை இருக்கிறது, அது தாங்கும். இறக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது? இதைக் கத்திக் கத்திச் சொன்னேன். "சும்மா பயமுறுத்தாத ஆத்தா. பறக்க வச்சுப் பாப்போம்" என்றார்கள்.

கம்பத்துக்கு வெளியே அறுப்பு முடிந்த வயலில் பறக்க வைத்தோம். பறந்தது. மணலோடும், கேமராவோடும், குழாயோடும், மூன்று வர்ணத்தில் மின்னிக்கொண்டு பறந்தது. நாற்று வண்டிக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். வாழைக்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தாரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒலிபெருக்கியில் பாண்டீஸ்வரன் அண்ணனே பேசிப் பதிவு செய்திருந்தார்: "வணக்கம்! சுருளி ஏரோ நிறுவனம் உங்களை அன்புடன் வரவேற்கிறது!" பனியில் வழி தப்பியவனுக்குச் சொல்லும் தைரியம் இதுதானாம்.

"பறக்குதுல்ல? இப்ப என்ன சொல்ற?" என்றார் என்னைப் பார்த்து.

"இது கம்பம்ண்ணே. இங்கன காத்து கூழு மாதிரி கெட்டி. எதைப் போட்டாலும் தாங்கும். மேல போனா நீத்தண்ணிதான்."

"நீ எப்பயும் இப்பிடித்தான். பிள்ளை நல்லா நடக்கும்போது கூட, விழுந்துரும் விழுந்துரும்னு சொல்லிக்கிட்டே இருப்ப" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விமானம் கம்பெனியுடையது, கம்பெனி அவருடையது. மாற்றாகச் செய்திருந்த இரண்டாவது உடலை மட்டும் தொடக்கூடாது என்று சண்டை போட்டு, நான் வரைந்தபடியே விட்டு வைத்தேன். "சரி, ஸ்டெப்னி மாதிரி கெடக்கட்டும்" என்று பெரிய மனது பண்ணினார்.

சோதனைக்கு ராணுவத்திலிருந்து ஒரு கர்னல் வந்தார். வேலூர்க்காரர், நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். போடிக்கு மேலே, மேகம் காலடியில் ஓடும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இடம் பிடித்திருந்தார்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி, இன்னும் உயரமான எதிர் மேட்டில் அவருடைய ஆட்கள் காத்திருந்தார்கள். மருந்துப் பெட்டி அவர்களிடம் போய்த் திரும்ப வேண்டும். காற்று கணவாய் வழியாகச் சுழன்று சுழன்று அடித்தது.

கர்னல் விமானத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னென்ன பண்ணும்?" என்று கேட்டார்.

"என்ன பண்ணாதுன்னு கேளுங்க சார்!" என்றார் பாண்டீஸ்வரன் அண்ணன்.

அப்போதே அந்த மனிதர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

விசிறிகள் அலறின. விமானம் மனசில்லாமல் எழும்பியது. கம்பத்தில் ஒரு மூச்சில் ஏறிய உயரத்தை இங்கே முக்கி முக்கி ஏறியது. எழும்புவதற்கே பாதி பேட்டரி போய்விட்டது என்று என் கையிலிருந்த திரை காட்டியது. முன்னோக்கித் திரும்பியதும் காற்று ஒரு அறை அறைந்தது. இறக்கை தாங்கவில்லை. மூக்கு மணலும் வால் கேமராவுமாக, எந்தப் பக்கமும் சாயாமல், நல்ல சமநிலையோடு, அது அப்படியே கீழே இறங்கித் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. ஒரு இறக்கை முறிந்து தனியாகப் போனது.

எல்லோரும் ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே செடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வணக்கம்! சுருளி ஏரோ நிறுவனம் உங்களை அன்புடன் வரவேற்கிறது!" சுருளியாண்டி வயரிங் உண்மையிலேயே சுத்தம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கர்னலுடன் வந்த சிப்பாய் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கர்னல் சிரிக்கவில்லை. "டிசைன் யாருது?" என்றார்.

பாண்டீஸ்வரன் அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "இந்தப் பிள்ளைதான் சார். பெங்களூர்ல எல்லாம் வேலை பாத்தவுக" என்று என்னைக் காட்டினார். திடீரென்று எனக்கு மரியாதை கூடிவிட்டது.

"சார், என் டிசைன்ல வணக்கம் கிடையாது" என்றேன். "கேமரா கிடையாது, குழாய் கிடையாது, மணல் கிடையாது. நீங்க கேட்ட நாலு கிலோ மட்டும்தான். அந்த விமானம் இறக்கையைக் கழட்டி அந்த ஜீப்புல ஸ்டெப்னியா கெடக்கு. நாளைக்கு ஒரு தடவை பாருங்க. அதுவும் விழுந்தா என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

கர்னல் முறிந்த இறக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு மதியம் நாங்க கிளம்பறோம். அதுக்குள்ள முடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் தோட்டத்துக் கொட்டகையில் இரண்டாவது உடலை இறக்கினோம். அதன் மரப்பெட்டியைத் திறந்தால், தொடக்கூடாது என்று நான் சொன்ன விமானத்தில் மூவர்ண விளக்கு ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் பாண்டீஸ்வரன் அண்ணனின் தகப்பனார் படம் ஸ்டிக்கராக இருந்தது. மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். இறக்கைக்கு அடியில் தடவியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. காசு அளவில் ஒரு அந்தோனியார் சுரூபம். என் அம்மா ஜெயமேரியின் கைவேலை. சுருளியாண்டியைப் பிடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அம்மா அழுதாக. மகனுக்குப் போற விமானம்னு சொன்னாக. இத்தினிக்கூண்டு தான ஆத்தா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் சுருளியாண்டி.

"எல்லாரும் இத்தினிக்கூண்டுதான் கொண்டு வர்றீக. அந்தோனியாரு நடந்து வரட்டும். எறக்குங்க" என்றேன். சொன்ன பிறகு கஷ்டமாக இருந்தது. சுரூபத்தை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பாண்டீஸ்வரன் அண்ணன் மூலையில் உட்கார்ந்து, தகப்பனாரின் ஸ்டிக்கரைக் கிழியாமல் நீவிக்கொண்டிருந்தார். அன்று அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை காற்று குறையவில்லை. குறைய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. தம்பி இருக்கும் இடத்தில் காற்று யாரைக் கேட்டு அடிக்கிறது? மருந்துப் பெட்டியை வைத்து மூடினேன். விமானம் எழும்பியது. விளக்கு இல்லை, பாட்டு இல்லை. பார்ப்பதற்கு ஒரு சுவாரசியமும் இல்லாத விமானம். பள்ளத்தின் நடுவில் காற்று அதைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. நீளமான இறக்கை வளைந்தது, ஒடியவில்லை. எதிர் மேட்டில் இறங்கி நின்றபோது சிப்பாய்கள் கை ஆட்டியது இங்கிருந்தே தெரிந்தது. பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே பெட்டியை மறுபடி ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் பாரத்தோடேயே திரும்பி வந்து, என் காலடியில் இறங்கியது. பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது.

நான் அழுதேன். யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்று அழுதேன். கோபக்காரிக்கும் கண் இருக்கிறது.

கர்னல் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு. விமானத்தின் முதுகை ஒரு குதிரையைத் தட்டுவதுபோல் தட்டினார்.

"பிரமாதம்மா. உண்மையிலேயே பிரமாதம். இவ்ளோ நல்லா போகுதே..." என்று கொஞ்சம் நிறுத்தினார். "இதுலயே சின்னதா ஒரு கேமராவும் இருந்தா? ரெண்டு வேலையும் ஒண்ணுலயே முடிஞ்சிடும். எங்க ஆளுங்க ரொம்ப நாளா கேக்கறாங்க."

"போட்றலாம் சார்!" என்றார் பாண்டீஸ்வரன் அண்ணன். நேற்றுச் சாயங்காலம் முதல் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்துவிட்டது. "எடம் கெடக்கு சார் உள்ள. நான் அன்னைக்கே சொன்னேன்."

ஜெர்மன்காரன் கதையும் அமெரிக்காக்காரன் கதையும் என் நாக்கு நுனி வரை வந்தன. சொல்லி அலுத்துவிட்டது. ஒரு கதையைக் கேட்டு எவன் திருந்தினான்? நான் மருந்துப் பெட்டியை எடுத்து ஜீப்பின் பானட்டின் மேல் வைத்தேன். மூடியைத் திறந்து இருவர் முன்னாலும் திருப்பினேன்.

"கேமரா ஒண்ணே கால் கிலோ சார். விமானம் நாலு கிலோதான் தூக்கும். அதுக்கு மேல ஒரு கிராம் ஏறினாலும் எங்க விழும்னு நேத்துப் பாத்தீங்க. அதனால இதுல இருந்து ஒண்ணே கால் கிலோவை நீங்களே எடுத்துருங்க. நான் எடுக்கமாட்டேன். உங்க கையால எடுங்க."

உள்ளே ஊசி மருந்துக் குப்பிகள் பஞ்சுக்குள் வரிசையாக இருந்தன. மாத்திரை அட்டைகள், குளுக்கோஸ் பை, கட்டுத்துணி. ஓரமாக, முழங்கை நீளத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், அதன் முகமூடியோடு. கர்னல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கை பெட்டிப் பக்கம் போகவில்லை.

பாண்டீஸ்வரன் அண்ணனுக்கு அந்தத் தயக்கம் எல்லாம் கிடையாது. இருபது பேர் உட்கார்ந்த ஜீப்பில் ஒரு ஆளை இப்படி அந்தப் பக்கம் தள்ளி உட்கார வைக்கிறவர்தானே. பார்த்த மாத்திரத்தில் சிலிண்டரைத் தூக்கினார். கையில் வைத்து எடை பார்த்தார்.

"இது ஒண்ணு போதும் சார், ஒண்ணே கால் கிலோ வந்துரும். மத்ததெல்லாம் மருந்து. இதுல வெறும் காத்துதான இருக்கு!"

தேயிலைச் செடிகள் மேல் காற்று சலசலத்தது. கர்னல் சிலிண்டரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன் முகமூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நான் கேப்டனா இருந்தப்ப மேல ஒரு பையன் என் கையப் புடிச்சுக்கிட்டே கிடந்தான்" என்றார், யாரையும் பார்க்காமல். "அவனுக்கு இது ஒண்ணுதான் வேணும். பேசக்கூட முடியல. வாயில கை வச்சு வச்சுக் காட்டினான். எங்ககிட்ட இல்ல. விடியறவரைக்கும் காட்டிக்கிட்டே இருந்தான்."

சிலிண்டரை அதன் இடத்தில் திரும்ப வைத்தார். முகமூடியின் குழாயை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"அதெல்லாம் கண்ணால பாத்த நான், இங்க நின்னு கேமரா கேக்கறேன் பாருங்க. எழுதுங்கம்மா. மருந்து நாலு கிலோ. வேற எதுவும் ஏத்தக்கூடாது. நான் மனசு மாறறதுக்குள்ள எழுதுங்க."

"சார், அந்த லைட்டு மட்டும்..." என்று ஆரம்பித்தார் பாண்டீஸ்வரன் அண்ணன். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

பானட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினேன். மனசு மாறுகிற மனிதர்களை நான் அந்த வருஷம் நிறையப் பார்த்துவிட்டேன். பேனாவைக் கர்னல் கையில் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன்.